மண்டபத்துக்கு வரி, கருவறைக்கு விலக்கு

“கோயிலுக்கே வரியா?” என்று யாராவது கொதித்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எந்த வரி?” மலேசியாவில் ஒரு வழிபாட்டுத் தலத்தின் வாசலுக்கு மூன்று வரிகள் வரக்கூடும். வருமான வரி, கூட்டரசின், அதாவது மத்திய அரசின், உள்நாட்டு வருமான வாரியத்துக்குப் போவது. நில வரி, அதாவது சுக்காய் தானா, மாநில அரசின் நில அலுவலகத்துக்குப் போவது. சுக்காய் பிந்து என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த மதிப்பீட்டு வரி, சாக்கடையைத் தூர்வாரித் தெருவைக் கூட்டும் ஊராட்சி மன்றத்துக்குப் போவது. மூன்றுக்கும் சட்டம் வேறு, மேசை வேறு, மனு வேறு. ஒன்றுக்கு விலக்குக் கடிதம் கையில் இருப்பதால் மற்ற இரண்டும் தானாக விலகிவிடாது. இது தெரியாமல் நில அலுவலகத்தில் போய் மதிப்பீட்டு வரிக்காக வாதாடிவிட்டு, மதியம் வரை காத்திருந்து வெறுங்கையோடு திரும்பிய கோயில் நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பார்த்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்து மாவட்டத்து ஊராட்சி மன்றம் ஒன்றில், மதிப்பீட்டுப் பிரிவில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற கையோடு எங்கள் மாரியம்மன் கோயிலின் பொருளாளர் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் ஊர் பேராக் மாநிலத்துக் கீழ்ப் பேராக்கில், தெலுக் இந்தானிலிருந்து பஸ் போகும் தொலைவில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சின்னப் பட்டணம். இரண்டு வரிசைக் கடைவீடுகள், ஒரு சந்தை, ஒரு பெட்ரோல் நிலையம். அதே தெருக்களில் ஒரு பள்ளிவாசல், இரண்டு சீனக் கோயில்கள், ஒரு சிறிய தேவாலயம், ஒரு தமிழ்ப்பள்ளி, எங்கள் அம்மன். வரி கட்டுகிற இடம் எத்தனை, கட்டாத இடம் எத்தனை என்று இதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கோயில் தோட்டத்துக்குள் இருந்த காலத்தில் இந்தப் பேச்சே எழுந்ததில்லை. நிலம் கம்பெனியுடையது, வரி ஏதும் வந்தால் கம்பெனி ஆபீசுக்குப் போகும். சம்பள நாளில் ஆளுக்கு இவ்வளவு என்று கோயில் பணம் பிடித்துக்கொள்வார்கள். திருவிழாவுக்குத் துரை லாரி கொடுப்பார், ஒருநாள் விடுமுறையும் கொடுப்பார். தண்ணீர், சாக்கடை, உள்சாலை எல்லாமே தோட்ட நிர்வாகத்தின் கையில். மன்றத்துக் குப்பை லாரி தோட்டத்து வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ஆகவே எங்கள் சனங்களுக்கு ஊராட்சி மன்றம் என்பது பட்டணத்துக்காரர்களின் சமாச்சாரம். பிறகு தோட்டம் கைமாறியது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிபட்டன, கோயில் பட்டணத்து ஓரத்தில் பட்டாவோடு கூடிய ஒரு துண்டு நிலத்துக்கு வந்தது. வந்த இடத்தில் முதலில் கருவறை, பிறகு மடைப்பள்ளி, பிறகு கல்யாண மண்டபம், கடைசியாகச் சாலையைப் பார்த்து மூன்று கடைகள். குருக்கள் சம்பளமும் மின்கட்டணமும் அந்தக் கடை வாடகையிலும் மண்டப வாடகையிலும்தான் நடக்கின்றன. உண்டியலை நம்பிக் கோயில் நடத்தும் காலம் தோட்டத்தோடு போய்விட்டது.

இத்தனையும் மன்றத்தின் பதிவேட்டில் பல்லாண்டுகளாகக் ‘கோயில்’ என்ற ஒரே பதிவாக, வரி இல்லாத இனமாக இருந்தது. ஊராட்சிச் சட்டம் 1976, அதாவது 171ஆம் சட்டம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கச் சொல்கிறது. ஆனால் மாநில அரசு கால நீட்டிப்புக் கொடுக்கலாம். பெரும்பாலும் நீண்டுகொண்டேதான் போகும். கோலாலம்பூரிலேயே 1992ஆம் ஆண்டு மதிப்பீட்டுக்குப் பிறகு 2014இல்தான் புதிய மதிப்பீடு நடப்புக்கு வந்தது. அப்போது எழுந்த கூச்சல் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரிலும் அப்படி ஒரு புதுப் பட்டியல் வந்தபோது, மண்டபமும் மூன்று கடைகளும் பக்கத்துக் காலி நிலமும் தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டு நோட்டீஸ் வந்தது.

நிர்வாகக் கூட்டம் அன்று சூடாகத்தான் இருந்தது. “கோயில் நிலத்தில் நிற்பதெல்லாம் கோயில்தானே?” என்றார் தலைவர். “ஒய்.பி.யைப் பார்த்தால் ஒரு போனில் முடிந்துவிடும்” என்றார் இளைஞர் பிரிவுத் தம்பி. ஒய்.பி. என்றால் எங்கள் சட்டமன்ற உறுப்பினர். நான் சட்டத்தைப் படித்துவிட்டுப் பேசலாம் என்றதும், “அண்ணன் மன்றத்துச் சோறு சாப்பிட்டவர், அவர்கள் பக்கம்தான் பேசுவார்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தச் சோற்றில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மன்றத்தின் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்குத்தான் எந்த மனு எந்தக் கோப்பில் செத்துப்போகும் என்பது தெரியும்.

அன்று நான் வாசித்துக் காட்டியது 134ஆம் பிரிவு. சிறிய பிரிவு. பொது வழிபாட்டுத் தலம், உரிமம் பெற்ற இடுகாடு அல்லது சுடலை, பொதுப் பள்ளி, அறப்பணிக்கோ அறிவியல், இலக்கியம், நுண்கலைகளுக்கோ உரிய பொது இடம் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கலாம் என்கிறது. இந்து, இஸ்லாம், பௌத்தம், கிறிஸ்துவம் என்ற பேதம் அதில் இல்லை. ஆனால் நான்கு முடிச்சுகள் இருக்கின்றன. அந்த இடம் அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும். லாப நோக்கம் இருக்கக் கூடாது. சொத்து முழுவதற்கும் தரலாம், ஒரு பகுதிக்கு மட்டும் என்றும் தரலாம். தருவதும் தராததும் மன்றத்தின் விருப்புரிமை. கடைசி முடிச்சைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். விலக்கு நம் பிறப்புரிமை என்று நினைத்து மனுவே போடாமல் இருப்பார்கள். பில் வந்ததும் தெருவில் இறங்குவார்கள்.

ஒய்.பி.யைப் பார்ப்பது தப்பில்லை, ஆனால் எதற்குப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும். அடுத்த 135ஆம் பிரிவின்கீழ் மாநில அரசே வரியை விலக்கவோ குறைக்கவோ முடியும். அது அரசியல் முடிவு; அங்கே சட்டமன்ற உறுப்பினரின் சிபாரிசுக்கு இடம் உண்டு. மதிப்பீடு தவறு என்ற வாதத்துக்கோ அவருடைய போன் உதவாது. எழுத்தில் ஆட்சேபம் வேண்டும்.

அந்த மதிப்பீடு எப்படிப் போடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பேராக்கில் ஆண்டு மதிப்பு என்பது அடிப்படை. ஜொகூரில் சொத்தின் முழு மதிப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். ஆண்டு மதிப்பு என்றால் அந்த இடத்தை நியாயமாக வாடகைக்கு விட்டால் ஓராண்டில் வரக்கூடிய மொத்த வாடகை. நீங்கள் கையில் வாங்கும் வாடகை எவ்வளவு என்பது இரண்டாம் பட்சம். மாதம் 500 ரிங்கிட் பெறக்கூடிய கடை என்றால் ஆண்டு மதிப்பு 6,000. மன்றம் 10 விழுக்காடு விதித்தால் ஆண்டுக்கு 600, அரையாண்டுக்கு 300. சட்டம் 35 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. நடைமுறையில் அந்த உச்சிக்கு யாரும் போவதில்லை.

எங்கள் பூக்கடை அக்கா கொடுப்பது பேருக்கு ஒரு வாடகை. அவருடைய அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தோட்டத்துக் கோயிலுக்குக் காலமெல்லாம் பூ கட்டிக் கொடுத்தவர். அந்த உறவுக்காக நாங்கள் குறைத்து வாங்குகிறோம். மன்றத்துக்கு அந்த உறவு தெரியாது. பக்கத்துக் கைத்தொலைபேசிக் கடை என்ன கொடுக்கிறதோ அதையே இதற்கும் போட்டுவிட்டது. சட்டப்படி அது சரி. வரி கட்ட வேண்டியவர் உரிமையாளர், அதாவது கோயில். ஆக, நாம் காட்டும் சலுகைக்கு நாமே வரி கட்டுகிறோம். இதைத் தெரிந்து செய்தால் தர்மம், தெரியாமல் செய்தால் ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் குழப்பம்.

காலி நிலக் கணக்கு வேறு. அதற்கு வாடகை பார்ப்பதில்லை. சந்தை மதிப்பில் 10 விழுக்காட்டை ஆண்டு மதிப்பாக வைப்பார்கள், மாநில அரசு விரும்பினால் 5 வரை குறைக்கலாம். திருவிழாவுக்குக் கார் நிறுத்தவென்று வாங்கிப் போட்ட நிலம் ஆண்டு முழுவதும் புல் வளர்த்துக்கொண்டு வரியும் இழுப்பது இப்படித்தான். ‘பிற்காலத்துக்கு ஆகும்’ என்று கோயில் பணத்தில் நிலம் வாங்கும் நிர்வாகங்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆட்சேபம் எழுத்தில் இருக்க வேண்டும். பட்டியலைச் சீராய்வு செய்யக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். காரணங்களைச் சட்டமே வரையறுத்திருக்கிறது: மதிப்பு அதிகம், வரிக்கே உட்படாத இடம், சேர்த்து மதிப்பிட்டதைப் பிரிக்க வேண்டும் அல்லது பிரித்ததைச் சேர்க்க வேண்டும், இப்படி. பக்கத்துக்காரருக்கு மதிப்பைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றுகூட ஆட்சேபிக்கலாம். பக்கத்துக்காரர்கள் படித்துவிடப் போகிறார்கள், அதை இங்கே விரிக்க வேண்டாம். ‘எங்கள் உணர்வு புண்பட்டது’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மன்றத்தில் இருந்தபோது அப்படி எழுதப்பட்ட கடிதங்களை நானே பதிவேட்டில் ஏற்றி, பதில் எழுத வழியில்லாமல் மேலே அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் மனுவில் நான் வைத்தது மூன்று. ஒன்று, வளாகத்தின் வரைபடம்: வழிபாட்டுப் பகுதி ஒரு நிறம், அன்னதானக் கொட்டகையும் மடைப்பள்ளியும் ஒரு நிறம், வாடகைப் பகுதி ஒரு நிறம். இரண்டு, மண்டபப் பதிவுப் புத்தகத்தின் நகல்: எந்த நாள் கல்யாணம், எந்த நாள் தேவார வகுப்பு, எந்த நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், எந்த நாள் கருமக்கிரியைக்குக் கட்டணமில்லாமல் விட்டது என்று. மூன்று, சங்கப் பதிவிலாகாவில் பதிந்த எங்கள் சட்டவிதிகளும் கணக்கறிக்கையும். கடைகளுக்கு விலக்குக் கேட்கவே இல்லை. தலைவருக்கு அதில் வருத்தம். கேட்டால் கொடுக்காமலா போய்விடுவார்கள் என்றார். கொடுக்க முடியாததைக் கேட்டால் கொடுக்கக்கூடியதன் மேலும் சந்தேகம் விழும் என்பது என் அனுபவம்.

விசாரணையில் இருந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, பொறுமைசாலி. வரைபடத்தைப் பார்த்தார், பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். “மண்டபத்துக்குக் கட்டண அட்டவணை உண்டா?” என்று கேட்டார். தலைவர் தொண்டையைச் செருமினார். “பக்தர்கள் விருப்பப்பட்டுக் கொடுப்பதுதான், புவான்” என்று ஆரம்பித்தார். அதிகாரி கோப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்து எங்கள் பக்கம் நகர்த்தினார். எங்கள் மண்டபச் சுவரில் தொங்கும் பலகை: வாரநாள் இவ்வளவு, வாரக்கடைசி இவ்வளவு, குளிர்சாதனம் தனி, நாற்காலி தனி, முன்பணம் திருப்பித் தரப்படாது. அளவெடுக்க வந்தவர்கள் படமும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதன்பின் தலைவர் அதிகம் பேசவில்லை.

முடிவு எங்களுக்குப் பாதகமாக இல்லை. கருவறை, பிராகாரம், மடைப்பள்ளி, அன்னதானக் கொட்டகை எல்லாவற்றுக்கும் விலக்கு. மண்டபத்துக்கு வரி உண்டு, ஆனால் இலவசமாகப் பயன்படும் நாட்களைக் காட்டியதால் மதிப்பு குறைந்தது. கடைகளுக்கு வரி. காலி நிலத்தை வளாகத்தோடு சேர்க்கச் சொன்னதை ஏற்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஆண்டு வரி கடைகளின் இரண்டு மாத வாடகைக்குள் அடங்கிவிட்டது. இன்னும் திருப்தி இல்லையென்றால் உயர்நீதிமன்றம் போகச் சட்டத்தில் வழி உண்டு. வக்கீல் கட்டணத்தைக் கேட்டபின் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்போதும் சிலருக்கு மனம் ஆறவில்லை. அவர்களை அமைதிப்படுத்தியது நானல்ல, எதிர்ச்சாலையில் தனியார் மண்டபம் நடத்தும் தம்பி. அவனும் நம் கோயில் பக்தன்தான், ஆடித் திருவிழாவில் காவடி எடுப்பவன். “நான் மதிப்பீட்டு வரி கட்டுகிறேன், லைசென்ஸ் எடுக்கிறேன். நீங்கள் எதுவும் கட்டாமல் என்னைவிட மலிவாகக் கல்யாணம் பிடிக்கிறீர்கள். அம்மன் எனக்கும் அம்மன்தானே, அண்ணே?” என்று கேட்டான். அதற்கு எங்கள் கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை.

இந்த வரி எங்கே போகிறது என்று பார்த்தால் அவன் கேட்டதன் நியாயம் இன்னும் தெரியும். சிறிய மன்றத்துக்குச் சொந்த வருமானத்தில் பெரியது மதிப்பீட்டு வரிதான். மற்றவை லைசென்ஸ், கடை வாடகை, அபராதம். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டரசு ஓர் ஆண்டு மானியம் தருகிறது. அது கைகொடுக்கும், சுமை முழுவதையும் தாங்காது. திடக்கழிவு நிர்வாகத்தைக் கூட்டரசு ஏற்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் 2011இல் நடப்புக்கு வந்தபோது பேராக் அதில் சேரவில்லை. அதனால் எங்கள் ஊர்க் குப்பை மன்றத்தின் செலவில்தான் நகர்ந்து வந்திருக்கிறது. தைப்பூசத்துக்கு மறுநாள் சாலையில் கிடக்கும் தேங்காய் ஓடும் வாழையிலையும் அதில் அடக்கம்.

அரசாங்கக் கட்டடங்களுக்கும் மதிப்பீட்டு வரி கிடையாது. ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின் 156ஆவது விதிப்படி அரசு அதற்கு ஈடாக மன்றத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறது. கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ அப்படி ஈடு கொடுப்பவர் யாருமில்லை. விட்டுக்கொடுத்த தொகையை மற்றவர்களின் வரி சுமக்க வேண்டும், அல்லது சாக்கடை தூர்வாருவது ஒரு முறை குறைய வேண்டும். பிற மதத்துக்கென்று ஒதுக்கப்படும் வரியை யார்மீதும் திணிக்கக் கூடாது என்கிறது 11ஆவது விதி. விலக்கு என்பது ஒதுக்கீடு ஆகாதுதான். இருந்தாலும் இரும்புக்கடைச் சீனரும் பெட்ரோல் நிலையத்து மலாய்க்காரரும் தங்களை அறியாமலே எங்கள் அம்மனுக்கு ஆண்டுதோறும் ஏதோ கொடுத்துவருகிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் பள்ளிவாசலுக்கும் சீனக் கோயிலுக்கும் அப்படியே. அதனால் வழிபாட்டுப் பகுதியில் ஒரு சதுர அடியையும் விடாமல் விலக்குக் கேட்பேன்; கைத்தொலைபேசிக் கடைக்குக் கேட்க மாட்டேன்.

கட்டுகிறோமே, கேட்கும் உரிமை உண்டா என்றால், வாக்குரிமை இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் வேண்டும் என்றுதான் அந்தக் குழு பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை, 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலை முற்றாக முடித்துவைத்தது. இப்போது 8 முதல் 24 பேர் வரை மாநில அரசு நியமிக்கும் உறுப்பினர்கள்தான். ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றத்தின் கூட்டங்கள், மன்றமே வேறு தீர்மானம் செய்தாலொழிய, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை என்கிறது. கோயில் பின்புறச் சாக்கடை அடைத்து மழைநீர் அன்னதானக் கொட்டகைக்குள் ஏறியபோது, வரிக் கணக்கு எண்ணைப் போட்டு, படங்களோடு கடிதம் எழுதினோம். கூட்டத்துக்கும் போய் உட்கார்ந்தோம். பார்வையாளர் நாற்காலியில் ஆள் இருந்தால் மேசையில் இருப்பவர்கள் கோப்பைப் படித்துவிட்டு வருகிறார்கள் என்பது என் பழைய உத்தியோக அனுபவம். மழைக்காலம் முடிந்து வேலை தொடங்கியது. முன்னமே தொடங்கியிருக்கலாம்.

வேறு நிர்வாகங்கள் அடிக்கடி தடுக்கி விழும் இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நன்கொடை கொடுக்கும் முதலாளிகள் “வரி விலக்கு ரசீது உண்டா?” என்று கேட்பார்கள். சங்கப் பதிவு இருந்தால் போதும் என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள். வருமான வரிச் சட்டம் 1967இன் 44(6) பிரிவின்கீழ் தனியாக அங்கீகாரம் பெற்றிருந்தால்தான் கொடுத்தவர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ள முடியும். கோயிலின் சொந்த வருமானத்துக்கு விலக்கு இருப்பது வேறு சங்கதி.

மற்றொன்று நிலப்பட்டா. தோட்டத்திலிருந்து வெளியேறிய அவசரத்தில் பல கோயில்களின் நிலம் அன்றைய தலைவர் ஒருவரின் பெயரில் பதிவாகியிருக்கிறது. வரி பில் அவர் பெயருக்கு வரும். அவர் காலமானால் பிள்ளைகளின் கையெழுத்துக்கு அலைய வேண்டும். நிலுவை ஏறினால் மன்றம் முதலில் நோட்டீசும் பிறகு ஜப்தி வாரண்டும் அனுப்பும். சங்கங்கள் சட்டம் 1966 சொத்தைச் சங்கத்தின் பெயரிலேயே பதிய வழி விட்டிருக்கிறது. பத்திரங்களில் கையெழுத்திட மூன்று பொறுப்பாளர்களைப் பதிவாளர் சான்றளிப்பார். பழைய தலைவர் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். பிப்ரவரிக் கடைசியும் ஆகஸ்டுக் கடைசியும் அரையாண்டு வரியின் கெடுநாட்கள். எங்கள் கோயில் நாட்காட்டியில் பௌர்ணமி, அமாவாசையோடு அவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போது புதிதாக ஒரு விளம்பர நிறுவனம் வந்திருக்கிறது. காலி நிலத்தில் பெரிய பலகை நிறுத்திக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு தருகிறோம் என்கிறார்கள். தலைவருக்கு ஆசை, இளைஞர் பிரிவுக்கும் ஆசை. பலகைக்கான உரிமக் கட்டணம் யாருடையது, அதனால் நிலத்தின் மதிப்பு ஏறினால் கூடுதல் வரி யார் தலையில், ஒப்பந்தம் முடிந்தால் பலகையை அகற்றும் செலவு யாருடையது என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தாக வரும்வரை பொருளாளர் கையெழுத்துக் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் பேசப்போகிறார்கள்.